நடக்காத ஆபரேஷனுக்கு ஒரு சான்றிதழ்

போன மாதம் என்னிடம் வேலை கற்ற ஒரு இளம் சர்ஜன் போன் செய்தாள். ராணுவ ஆள்சேர்ப்பில் 'அன்ஃபிட்' ஆன ஒரு பையன் சான்றிதழ் கேட்டு வந்து நிற்கிறானாம். "மேடம், இதுக்கெல்லாம் எழுதிக் குடுக்காதீங்கன்னு இங்க வாய்வார்த்தையா சொல்லி வெச்சிருக்காங்க. நீங்க அப்போ எழுதுவீங்களாமே, எப்படி எழுதுனீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாய்வார்த்தையாக! எழுதிக் கொடுக்காதே என்பதைக்கூட எழுதிக் கொடுக்கத் துணிச்சல் இல்லாத கூட்டம் அது. நான் இருந்தபோதும் அப்படித்தான், ஓய்வு பெற்று ரெட்டியார்பாளையத்தில் உட்கார்ந்து ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்குகிற இந்த வயதிலும் அப்படித்தான். எப்படி எழுதினேன் என்று போனில் சொன்னால் உன் ரவுண்ட்ஸ் கெட்டுவிடும், விரிவாக எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

என் படிப்புக் கதையைச் சொல்லி யார் நேரத்தையும் பிடுங்க மாட்டேன். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம், மருத்துவப் படிப்பு, பிறகு அறுவைப் பிரிவு. பெண்ணுக்கு எதற்குக் கத்தி, பிரசவம் பார்க்கப் போகலாமே என்று புத்தி சொல்லாத உறவினர் இல்லை. அப்படிச் சொன்ன இரண்டு பேருக்குப் பிற்காலத்தில் நானே குடலிறக்கம் தைத்தேன். அப்புறம் புதுச்சேரி நகரத்தில் ஒரு அரசு மருத்துவமனையில் என் காலம் முழுவதும் ஓடியது. மருத்துவமனையின் பெயர் வேண்டாம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்களில், சுற்றுவட்டத்தில் எங்கே ஆள்சேர்ப்பு நடந்தாலும் அடுத்த வாரம் எங்கள் ஓ.பி.யில் அது தெரிந்துவிடும். ஒட்ட வெட்டிய தலையும் கையில் மடித்த சீட்டுமாகப் பையன்கள் வந்து நிற்பார்கள். ஓட்டத்தில் தேறியிருப்பான், பள்ளம் தாண்டியிருப்பான், கம்பியில் தொங்கித் தொங்கி எழும்பியிருப்பான். கடைசியில் மருத்துவப் பரிசோதனையில் தள்ளியிருப்பார்கள். காதில் அழுக்கு, உள்ளங்கையில் வியர்வை, தட்டைப் பாதம் என்று காரணம் பலவிதம். எங்கள் பிரிவுக்கு வருகிறவை பெரும்பாலும் மூலம், விரைவீக்கம், தழும்பு.

தள்ளப்பட்டவனுக்கு இன்னொரு வாசல் உண்டு. கொடுத்த கெடுவுக்குள் சென்னையில் இருக்கிற ராணுவ மருத்துவமனைக்குப் போய், அங்குள்ள நிபுணரிடம் மறுபரிசோதனை கேட்கலாம். குறை சின்னது, வேலைக்கு இடைஞ்சல் இல்லை என்று அவருக்குப் பட்டால், அந்தக் குறைக்கு விலக்குக் கொடுத்து எடுத்துக்கொள்வார்கள். அரசு டாக்டர் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் அவர் நின்று பார்ப்பார். ஆனால் அந்தச் சான்றிதழில் ஒரு வாக்கியம் இருந்தாக வேண்டும். 'இவரை ராணுவ மருத்துவர்கள் நிராகரித்தது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்' என்கிற அர்த்தத்தில் ஒரு வாக்கியம். இந்த ஒரு வாக்கியம்தான் எங்கள் ஆட்களுக்குப் பேதியைக் கிளப்பியது. வயிற்றைக் கிழித்துக் கையை உள்ளே விடுகிறவர்களுக்கு, 'தெரிந்தே எழுதுகிறேன்' என்று எழுதப் பேனா நகராது.

அதிலும் எங்கள் அறுவைப் பிரிவின் சீஃப் இருந்தாரே! கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கத்தி பிடித்தால் கை அவ்வளவு சுத்தம். ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மேசையில் சர்க்கரை போடாத காப்பி. பழைய பிரெஞ்சுக் குடும்பம், அதனால் முடியாது என்பதை மட்டும் பிரெஞ்சில் சொல்வார். "பா பொசிப்ள்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பேனாவுக்கு மூடி போடுவார். மூடி 'டிக்' என்று சத்தம் கேட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சான்றிதழ் விஷயத்தில் அவர் எங்களுக்குப் போட்டிருந்த சட்டம் ஒன்றுதான்: பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. கேட்க அழகாக இருக்கும். நடைமுறையில், 'வயிற்றில் தழும்பு, பழையது' என்று எழுதி அனுப்புவார்கள். அது ஏற்கனவே ராணுவத்துக்காரன் எழுதியதுதான். பையன் பஸ் பிடித்துப் போய் அதே வரியை அவர்களிடமே நீட்ட வேண்டும்.

கதிரவன் வந்தது இந்த லட்சணத்தில்தான். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அப்பா கிடையாது. அம்மா அஞ்சலை நாற்று நடவுக்குப் போவாள், நடவு இல்லாத மாதங்களில் மூலக்குளத்தில் புதிதாக எழும்புகிற வீடுகளுக்குச் சித்தாள் வேலைக்குப் போவாள். பையன் இரண்டு தடவை ஓட்டத்திலேயே தோற்று, மூன்றாவது தடவை எல்லாவற்றையும் தாண்டி வந்து வயிற்றுத் தழும்பில் மாட்டிக்கொண்டான். அடுத்த ஆள்சேர்ப்பு வருவதற்குள் வயது தாண்டிவிடும். இது போனால் போனதுதான்.

"தழும்பைப் பார்த்துட்டு இன்னா ஆபரேஷன்னு கேட்டாங்க மேடம். சின்ன வயசுல வவுத்துல ஆபரேஷன்னு சொன்னேன். பேப்பர் எங்கன்னாங்க. இல்லன்னேன். இன்னா ஆபரேஷன்னு தெரியாம எடுக்க முடியாது, பேப்பரோட மெட்ராஸ் போன்னு சொல்ட்டாங்க" என்றான். கெடு முடிய ஒரு வாரம்கூட இல்லை. மூன்று ஆஸ்பத்திரியில் பழைய ரெக்கார்டு அறைக்குப் போய்க் கெஞ்சிவிட்டு வந்திருந்தான். எங்கும் அவன் பெயர் இல்லை.

படுக்கச் சொல்லிப் பார்த்தேன். தொப்புளுக்கு வலப்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு கோடு, அதற்குக் கீழே பொத்தான் அளவில் இரண்டு வட்டம். தூரத்தில் இருந்து பார்த்தால் வயிற்றைத் திறந்து மூடி, பக்கத்தில் ட்யூப் போட்டு எடுத்ததுபோலவே இருக்கும். ஒரு நாளில் அத்தனை பையன்களைப் பார்க்கிற டாக்டரிடம், பையனே ஆபரேஷன் என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கை வைத்துப் பார்த்தால் வேறு கதை. தையல் போட்ட வடு என்றால் கோட்டின் இரண்டு பக்கமும் ஊசி நுழைந்த புள்ளிகள் இருக்கும். இதில் ஒன்றுகூட இல்லை. ஆழமாக அறுத்த வடு கீழே தசையோடு ஒட்டியிருக்கும். இதை இரண்டு விரலால் நகர்த்தினால் தோலோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போனது. இருமச் சொன்னேன், எங்கும் பிதுங்கவில்லை. முடி முளைக்காத, பளபளத்த தோல். இது கத்தி பட்டதல்ல, நெருப்பு பட்டது. எங்கள் ஓ.பி.யில் இதைப் பார்க்காத டாக்டர் கிடையாது. கைக்குழந்தைக்கு வயிறு ஊதினால், இழுப்பு வந்தால், கம்பியைக் காய்ச்சிச் சூடு போடுவது நம் பக்கத்து ஊர்களில் அப்போது சர்வ சாதாரணம்.

அவனை ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு அம்மாவை உட்காரச் சொன்னேன். "எந்த ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணாங்கம்மா?" என்று கேட்டேன். "பெரிய ஆஸ்பத்திரி" என்றாள். எத்தனை நாள் படுக்கையில் இருந்தான் என்றால் ஞாபகமில்லை. பிள்ளையின் வயிற்றைக் கிழித்த நாளை எந்தத் தாயும் மறக்க மாட்டாள். "சூடா?" என்றேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நாலு மாசக் கொழந்தைம்மா. வவுறு ஊதிக்கிணு பால் குடிக்கல, ராவெல்லாம் கத்துறான். மாந்தம்னாங்க. சூடு போடுற ஆளு ஊர்ல இல்ல. நான்தான் கம்பியக் காய்ச்சி வெச்சேன். வேற யாருமில்ல, நான்தான்." ஊதல் வடியவில்லை, புண் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. தூக்கிக்கொண்டு ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். அங்கே ஒரு டாக்டர் குழந்தையின் வயிற்றைப் பார்த்துவிட்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "இவளைப் பாருங்க, இது அம்மாவா ராட்சசியா" என்று கேட்டாராம். ஆயாம்மாவிலிருந்து பக்கத்துக் கட்டில் நோயாளி வரை ஒவ்வொருவராக வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். "அன்னிக்கு முடிவு பண்ணேன்மா. யாரு கேட்டாலும் ஆபரேஷன்னு சொல்லிட்டேன். அவங்கிட்டயும் அதான் சொன்னேன்."

சூடு போடுவது தப்பு. அதில் சந்தேகமே வேண்டாம். சீழ் பிடித்துக் கையிலேயே போன குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த டாக்டர் திட்டியதால் எந்தக் குழந்தைக்கு என்ன லாபம்? அடுத்த முறை அந்த ஊர்க்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரவே யோசித்திருப்பாள். வந்தவளும் பொய் சொல்லக் கற்றுக்கொண்டு போனாள். அந்தப் பொய்தான் இத்தனை வருஷம் கழித்து அவள் பிள்ளையின் வேலையில் வந்து நிற்கிறது. திட்டிய டாக்டர் நிம்மதியாகப் பென்ஷன் வாங்கியிருப்பார்.

"அவனுக்குத் தெரிய வேணாம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊர்ல எந்த வூட்லயாவது கொழந்தைக்கு சூடு வெச்சா, இவன்தான் போய் சண்டை போடுவான். பேசவே மாட்டான் அவங்ககூட. நான் வெச்சேன்னு தெரிஞ்சா..." நான் சான்றிதழ் எழுதினால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு போகப்போவது அவன்தான், படிக்காமல் எப்படி இருப்பான் என்றேன். நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டாள்.

ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை. ஈரல், பித்தப்பை, மண்ணீரல், சிறுநீரகம் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அன்று சாயங்காலம் சீஃபிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். சான்றிதழை நான் எழுதலாம், ஆனால் பிரிவின் முத்திரை அவர் மேசை டிராயரில் இருந்தது. முத்திரை இல்லாத காகிதத்தைச் சென்னையில் மதிக்க மாட்டார்கள்.

பொறுமையாகக் கேட்டார். காப்பியை ஒரு வாய் குடித்தார். பிறகு சொன்னதைக் கேளுங்கள். "அவங்க கேக்கறது ஆபரேஷன் பேப்பர்தானே மேடம்? அவ்வளவு பழைய ரெக்கார்டு எங்கயும் இருக்காது. சின்ன வயசுல குடல் அடைப்புக்கு ஆபரேஷன் நடந்ததா அம்மா சொல்றாங்க, தழும்பு அதுக்குப் பொருத்தமா இருக்குன்னு ஒரு வரி எழுதுங்க. முத்திரை வெச்சுத் தரேன். அவ்வளவுதான், முடிஞ்சுது."

உண்மையை எழுதினால் முத்திரை கிடையாது, பொய்யை எழுதினால் உடனே உண்டு! பார்த்ததை எழுது என்று எங்களுக்குப் பாடம் எடுத்த மனிதர். "சார், வயித்தைத் திறந்து ஆபரேஷன் ஆனவன்னா, பிற்பாடு குடல் ஒட்டிக்கும்னு பயந்து நிரந்தரமா தள்ளிட்டா என்ன செய்வீங்க? இல்லாத ஆபரேஷனை நாமளே அவன் தலையில கட்டணுமா?" என்று கேட்டேன். "சூடுன்னு எழுதினா அது குழந்தைக் கொடுமை. போலீஸுக்குச் சொல்லணும். அந்தம்மா மேல கேஸ் வரும். நமக்கு எதுக்கு? பா பொசிப்ள்" என்றார். பேனா மூடி 'டிக்'கென்றது. ஓட்டுப் போடுகிற வயதைத் தாண்டிய பிள்ளையின் வயிற்றுத் தழும்புக்குப் போலீஸாம்! ஓ.பி.யில் தினம் சூட்டுப் புண்ணோடு வருகிற பச்சைக் குழந்தைகளுக்கு இவர் ஒருநாள் போலீஸைக் கூப்பிட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போய் நான் சமைத்த ரசத்தில் உப்பே இல்லை, அவ்வளவு கோபம்.

மறுநாள் காலை அம்மாவும் பிள்ளையும் வந்தார்கள். சான்றிதழை எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர்களை வெளியே நிற்க வைத்துவிட்டு சீஃப் அறைக்குள் போனேன். திரும்பவும் அதே பேச்சு. இந்த முறை என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும், கதவும் முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. "அந்தம்மா மேல கேஸ் ஆகும்னு சொன்னேனே, ஏன் புரிஞ்சுக்க மாட்டேங்கிறீங்க" என்று அவர் சொல்லும்போது அஞ்சலை உள்ளே வந்துவிட்டாள். பின்னாலேயே கதிரவன்.

"கேஸு போடுங்கய்யா" என்றாள். "நான்தான் சூடு வெச்சேன். எங்கொழந்த செத்துடுவான்னு வெச்சேன். எங்க வேணா வந்து சொல்றேன், போலீஸ்ல சொல்றேன், ஜட்ஜு கிட்ட சொல்றேன். எம்மேல கேஸு போட்டுக்குங்க, எம்புள்ளைய வுட்டுடுங்க, அவன் போவட்டும்." பேசும்போது அவள் சீஃபைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்துத்தான் பேசினாள்.

கதிரவன் சட்டையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் கதவைச் சாத்தினேன். அப்புறம் அவன் அம்மாவின் முழங்கையைப் பிடித்து, "நீ உக்காரும்மா" என்று சீஃபுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டான். அந்த நாற்காலியில் அவர் சொல்லாமல் நாங்களே உட்கார மாட்டோம்.

சீஃப் டிராயரைத் திறந்து முத்திரையை எடுத்து என் பக்கம் தள்ளினார். "நீங்களே வெச்சுக்குங்க. என் கையெழுத்து கிடையாது" என்றார். கடைசிவரை அந்தச் சட்டை மடிப்புக் கலையவில்லை. ஒரு தாய் தன் மானத்தை எடுத்து அவர் மேசைமேல் வைத்திருக்கிறாள், அவருக்குத் தன் கையெழுத்து பத்திரமாக இருக்க வேண்டும்! நான் இத்தனை வயதில் எத்தனையோ பேரை மன்னித்திருக்கிறேன். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொல்லிப் பார்த்தேன், சாமியார் மன்னிக்கச் சொன்னார். வரவில்லை.

கதிரவன் சென்னைக்குப் போனான், விலக்குக் கிடைத்தது, எழுத்துத் தேர்வும் தேறிப் பயிற்சிக்குக் கிளம்பினான். கிளம்புமுன் வந்து சொன்னான். மறுபரிசோதனை செய்தவர் வடக்கே எங்கோ இருந்து வந்த பெரிய அதிகாரியாம். பனியனைத் தூக்கிப் பார்த்ததும் விரலால் தழும்பை நகர்த்தி, சூடா என்று சைகையில் கேட்டிருக்கிறார். அவர் ஊரிலும் குழந்தைகளுக்குச் செய்வார்களாம். "பேப்பரை நீட்டினேன் மேடம். வாங்கி மேசை மேல வெச்சாரு. பிரிச்சே பாக்கல. ஃபிட்டுன்னு எழுதிட்டாரு" என்றான். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. விஷயம் தெரிந்த மனிதர் ஒருவருக்கு ஒரு நிமிஷ வேலை. அதற்கு எங்கள் மருத்துவமனையில் அந்தப் பெண்பிள்ளை அத்தனை பேர் முன்னால் நின்று கத்த வேண்டியிருந்தது.

சில வாரம் கழித்து அஞ்சலை தனியாக வந்தாள். இடுப்பில் சொருகியிருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தச் சான்றிதழை எடுத்தாள். மகன் திருப்பி வாங்கி வந்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"இதுல இன்னாம்மா எழுதியிருக்கீங்க? அவனைக் கேட்டா, நீயே போய் டாக்டரம்மாவக் கேளுன்னு சொல்லிட்டான்."

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். "இது அறுவைத் தழும்பு இல்லை. கைக்குழந்தையா இருந்தப்போ, வயித்து நோவைத் தீர்க்கறதுக்காகத் தாய் செஞ்ச நாட்டு வைத்தியத்தின் தழும்பு. உள்ளே எல்லா உறுப்பும் நல்லா இருக்குது. ராணுவ மருத்துவர்கள் இவரை நிராகரிச்சது எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் எழுதறேன்."

"வைத்தியம்னா எழுதுனீங்க?" என்றாள்.

"ஆமாம்மா."

"அன்னிக்கு அந்த டாக்டரு ராட்சசின்னாரே, அந்த மாதிரி எதுவும் எழுதலியா?"

"இல்ல."

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஸ்டூலை என் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது, நர்ஸ் இரண்டு தடவை தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"இன்னொரு வாட்டி படிங்க" என்றாள்.

முதல் வரியிலிருந்து படித்தேன்.